இருட்டியும் கோழிகள் கூண்டில் அடைய மறுக்கின்றன, அடைந்தாலும் ராத்திரி முழுக்கக் கலவரம்

ஏழுபெட்டை | திங்கள், இரவு 10:12

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இப்போது கேட்டே ஆக வேண்டிய நிலை. ஏழு பெட்டை, ஒரு சேவல் வைத்திருக்கிறேன். ஐந்து பெட்டைகளும் சேவலும் ஒன்றரை வருடமாக இருப்பவை. இரண்டு வெடைகள், அதாவது இளம் பெட்டைகள், ஐந்து வாரத்துக்கு முன் வந்து சேர்ந்தன. கூண்டு நானே அடித்தது. நாலடி அகலம், ஆறடி நீளம். உள்ளே ஏறி உட்கார மூன்று மூங்கில், ஒவ்வொன்றும் நாலடி, படிக்கட்டு மாதிரி ஒன்றைவிட ஒன்று உயரமாக. மூலையில் இரண்டு முட்டைப் பெட்டி.

ஒரு வருடத்துக்கு மேல் எந்தத் தொந்தரவும் இல்லை. பொழுது சாய்ந்ததும் தாமாகப் போய் அடைந்துவிடும், நான் கதவைத் தாழ் போடுவதோடு வேலை முடிந்தது. இரண்டு வாரமாக எல்லாம் தலைகீழ். வாசல் வரை வருகின்றன, கழுத்தை உள்ளே நீட்டிப் பார்க்கின்றன, திரும்பிவிடுகின்றன. ரெண்டு மூன்று கூண்டுக் கூரை மேல். புள்ளிக்காரி மட்டும் கொய்யா மரத்தில். ஒவ்வொன்றாகப் பிடித்து உள்ளே தள்ளினால் ஒரு மணி நேரம் கொத்து, சிறகடிப்பு, தொப்பென்று விழும் சத்தம். அடங்கியது என்று படுத்தால் நடுராத்திரியில் மறுபடியும் முனகல். முட்டையும் குறைந்துவிட்டது. புதிதாக வந்த இரண்டும்தான் காரணம் என்று வீட்டில் தீர்ப்பு ஆகிவிட்டது. அவற்றைக் கொடுத்துவிடுவதா?

தச்சுக்கை | திங்கள், இரவு 10:40

கொடுக்க வேண்டாம், முதலில் அந்தப் படிக்கட்டைக் கழற்றுங்கள். கோழியின் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. அது மரக்கிளையில் அடையும் பறவை. உயரம்தான் பாதுகாப்பு என்பது ரத்தத்திலேயே இருக்கிறது. மூன்று உயரத்தில் கட்டை வைத்தால் எட்டுக் கோழிக்குமே உச்சியில் உள்ள கட்டைதான் வேண்டும். உங்கள் மேல் கட்டை நாலடி, அதாவது 120 சென்டிமீட்டர். ஒரு கோழிக்கு 20 முதல் 25 சென்டிமீட்டர் இடம் வேண்டும். ஆக ஐந்து கோழி உட்காரலாம். மீதி மூன்றும் யாரையாவது தள்ளிவிட்டுத்தான் ஏற வேண்டும். அதுதான் நீங்கள் கேட்கும் தொப் தொப்.

இரண்டு கட்டையை ஒரே உயரத்தில் போடுங்கள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் 35 சென்டிமீட்டராவது விடுங்கள், சுவரிலிருந்தும் ஓர் அடி தள்ளி. இல்லாவிட்டால் வாலைச் சுவரில் உரசிக்கொண்டு உட்கார மாட்டேன் என்னும். தரையிலிருந்து இரண்டடி, இரண்டரை அடி உயரம் போதும். முட்டைப் பெட்டி கட்டையைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும், பெட்டி உயரமாகப் போனால் பெட்டியிலேயே படுத்து எச்சமிட்டு வைக்கும். மூங்கிலும் எனக்குப் பிடிக்காது, வழுக்கும். 4, 5 சென்டிமீட்டர் அகலச் சட்டத்தை எடுத்து மேல் விளிம்பு இரண்டையும் இழைத்து வட்டமாக்குங்கள், கால் பதிந்து உட்காரும்.

மாடியில்மூன்று | செவ்வாய், காலை 6:55

எங்கள் வீட்டில் மூன்றுதான். கூண்டுக்குள் ஒரு சின்ன விளக்கு போட்டேன், வெளியே இருட்டு, உள்ளே வெளிச்சம், தாமாகப் போய்விட்டன. இதைவிடச் சுலபம் கிடையாது.

கருக்கல் | செவ்வாய், காலை 7:30

சுலபம்தான், ஆனால் அணைக்கும் விதத்தில் இருக்கிறது விஷயம். கோழிக்கு இருட்டில் பார்வை மோசம். நீங்கள் பொத்தானைத் தட்டி அணைத்த நொடியில் தரையில் நின்றுகொண்டிருக்கும் கோழி விடியும் வரை தரையில்தான். கட்டை எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. எல்லாம் ஏறிய பிறகு அணைக்க வேண்டும், இல்லை மெல்லமெல்ல மங்க வேண்டும். ராத்திரி முழுக்க எரியவிடுவதும் வேண்டாம், அவற்றுக்கும் தூக்கம் வேண்டும்.

என் அனுபவத்தில் விளக்கு புதுக் கூண்டுக்குப் பழக்க உதவும். பழகிய கூண்டைக் கோழி வெறுக்கும்போது விளக்கு போட்டால், எதை வெறுக்கிறதோ அது இன்னும் தெளிவாகத் தெரியும், அவ்வளவுதான்.

பழையபஞ்சாரம் | செவ்வாய், மதியம் 1:15

தம்பி, ஒரு கேள்வி. வாசலில் நின்று திரும்பிப் போகிறது என்றீர்களே, அது யார்? பழையதா, புதியதா?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. புதிய வெடைகளால் வந்த சண்டை என்றால் கூண்டு பழையவற்றின் சொத்து, அவை உள்ளே ஜம்மென்று உட்கார்ந்திருக்கும், அடிவாங்கும் புதியவைதான் வெளியே நிற்கும். ஒன்றரை வருடம் படுத்த கூண்டுக்குள் பழைய கோழியே போகவில்லை என்றால் புதியவற்றின் மேல் பழி போடாதீர்கள். அந்தக் கூண்டுக்குள் அதற்குப் பிடிக்காத ஏதோ ஒன்று வந்திருக்கிறது. எலி ஓடுகிறதா, பாம்பு நுழைந்து போனதா, செள்ளு விழுந்துவிட்டதா, புழுங்குகிறதா, ஈரமா. கோழி வாய் திறந்து சொல்லாது, வாசலில் நின்று சொல்லும்.

இன்னொன்று. சண்டை என்கிறீர்கள். சண்டை ஏறும்போது வரும். அரை மணியில் அடங்கும். நடுராத்திரியில் வருவது சண்டை இல்லை. இருட்டில் கோழி எழுந்து போய் அடுத்ததை அடிக்காது, அதற்குக் கண் தெரியாது. நடுராத்திரியில் ஏதோ ஒன்று அவற்றைத் தூங்கவிடாமல் செய்கிறது. ராத்திரி பத்து மணிக்கு மேல் டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். கோழியைப் பார்க்க வேண்டாம், கட்டையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள்.

ஏழுபெட்டை | செவ்வாய், இரவு 9:05

அக்கா, நீங்கள் கேட்ட பிறகுதான் யோசித்துப் பார்த்தேன். கூரை மேல் ஏறுவதெல்லாம் பழையவை! புதிய இரண்டும் உள்ளே போய் முட்டைப் பெட்டிக்குள் ஒன்றோடு ஒன்று ஒட்டிப் படுத்துக்கொள்கின்றன. இதை நான் தினமும் பார்க்கிறேன், ஆனாலும் உறைக்கவில்லை.

கதவிடுக்கு, வலை எல்லாம் பார்த்துவிட்டேன். எலிப் புழுக்கை இல்லை, வளை இல்லை. தச்சுக்கை அண்ணா சொன்னபடி மூங்கில் இரண்டை ஒரே உயரத்துக்கு இன்று சாயங்காலமே மாற்றிவிட்டேன். ஏறும்போது நடக்கும் கொத்து பாதிக்கு மேல் குறைந்தது, நன்றி. ஆனால் உள்ளே போவதற்கு அதே மறுப்புதான். இப்போதும் கையால்தான் தூக்கி வைத்தேன்.

வெள்ளைச்சேவல் | செவ்வாய், இரவு 9:30

மரத்தில் ஏறுவதற்கு ஒரே மருந்து, ஒரு பக்க இறக்கையை வெட்டுவது. நுனியில் உள்ள பத்துப் பெரிய இறகையும் பாதியாக நறுக்கிவிட்டால் பறக்கும்போது ஒரு பக்கமாகச் சாயும், தானாக விட்டுவிடும். வலிக்காது, நகம் வெட்டுவது போலத்தான். இறகு உதிர்ந்து புதிதாக முளைக்கும் வரை கவலை இல்லை.

பழையபஞ்சாரம் | செவ்வாய், இரவு 9:48

முற்றிய இறகு என்றால் வலிக்காது, சரி. முளைத்துக்கொண்டிருக்கும் இறகின் தண்டில் ரத்தம் ஓடும், அதை வெட்டினால் கொட்டும். அது கிடக்கட்டும். இப்போது அந்தப் புள்ளிக் கோழிக்குக் கூண்டு வேண்டாம், மரம்தான் வேண்டும். இறக்கையை வெட்டினால் கூண்டுக்குள் போகாது, மரத்துக்கும் போக முடியாது, வேலி ஓரத்தில் தரையில் படுக்கும். விடிவதற்குள் பூனை தூக்கிப் போகும். நோய் எங்கேயோ, மருந்து எங்கேயோ.

வெள்ளைச்சேவல் | செவ்வாய், இரவு 9:55

வேலி தாண்டிப் போகிற கோழிக்கு நான் செய்தது, அதற்கு நன்றாகவே வேலை செய்தது. இங்கே பொருந்தாது என்றால் விடுங்கள் அக்கா.

ஏழுபெட்டை | செவ்வாய், இரவு 11:37

போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கை இன்னும் அரிக்கிறது.

மூங்கிலின் கணுக்களைச் சுற்றிச் சாம்பலும் மிளகுத்தூளும் கலந்து தூவினாற்போல ஒரு பொடி. டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனால் பொடி நகர்கிறது. கட்டை சுவரைத் தொடும் முனையில் கொத்துக் கொத்தாக. ஒரு வெள்ளைத் துணியால் அடிப்பக்கத்தைத் துடைத்தேன், துணியெல்லாம் ரத்தக் கோடு. மூங்கில் ஒன்றின் முனை பிளந்திருந்தது, அதற்குள் பார்த்ததைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. என் கோழிகளை இரண்டு வாரமாக இதற்குள்தான் பிடித்துப் பிடித்துத் தள்ளியிருக்கிறேன்.

கருக்கல் | புதன், காலை 6:20

சிவப்புச் செள். நினைத்தேன். நீங்கள் மட்டும் இல்லை, நானும் ஒரு முறை கோழியைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

பகலில் கண்ணில் படாததற்குக் காரணம், இது கோழி மேல் குடியிருக்கும் ஜாதி இல்லை. பேன் என்றால் இறகுக்குள்ளேயே இருக்கும், பிடித்துப் பிரித்துப் பார்த்தால் தெரியும். இந்தச் செள் பகல் முழுக்க இடுக்கில் ஒளிந்திருந்து இருட்டிய பின் ஏறி வந்து ரத்தம் குடித்துவிட்டு மறுபடி இடுக்குக்கே போய்விடும். ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. பட்டினியில் சாம்பல் நிறம், குடித்த பின் சிவப்பு. வெக்கையான நாட்களில் முட்டையிலிருந்து வளர்ந்த செள் ஆக ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால்தான் "திடீரென்று" ஆரம்பித்தது மாதிரி உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. முன்பே கொஞ்சம் இருந்திருக்கும், பெருகியதும் கோழிக்குத் தாங்கவில்லை.

கொண்டையைப் பாருங்கள். வெளிறியிருந்தால் ரத்தம் குறைந்திருக்கிறது. முட்டை குறைந்ததும் இதனால்தான் இருக்கும். நிறைய ரத்தம் போனால் குஞ்சும் மெலிந்த கோழியும் செத்தே போகும், ஆகவே தள்ளிப்போட வேண்டாம்.

எங்கிருந்து வந்தது என்று மண்டையை உடைத்துக்கொள்ளவும் வேண்டாம். வெடைகள் வந்த பெட்டியில் வந்திருக்கலாம். கூரையில் குருவிக் கூடு இருந்தால் அதிலிருந்தும் இறங்கும்.

பழையபஞ்சாரம் | புதன், காலை 10:10

அந்த மூங்கில் மூன்றையும் கழுவிக்கொண்டிருக்காதீர்கள், கொண்டுபோய் எரித்துவிடுங்கள். உள்ளே குழல், முனையில் பிளவு. செள்ளுக்கு அதைவிட நல்ல மாளிகை நீங்களே கட்டித் தர முடியாது. உள்ளே இருக்கும் பழைய மரத்தூளும் தீக்குத்தான் போக வேண்டும், குப்பைக் குழியில் போட்டால் நடந்து திரும்பி வரும்.

அப்புறம் கூண்டு. சுரண்டுங்கள், பெருக்குங்கள், பிறகு கொதிக்கக் கொதிக்க வெந்நீர். இடுக்கு, ஆணித் துளை, பலகை சேரும் மூலை, கதவுக் கீல், முட்டைப் பெட்டியின் அடி, இவைதான் முக்கியம். நடுச்சுவரில் ஒன்றும் இருக்காது. நன்றாகக் காயவிட்டு, இடுக்கெல்லாம் அடையும்படி சுண்ணாம்பு கெட்டியாக அடியுங்கள். சுண்ணாம்பு காய்ந்த பிறகுதான் கோழியை விட வேண்டும்.

ஒரு நாளில் முடிந்தது என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். செள்ளின் முட்டை வெந்நீருக்குத் தப்பிவிடும். இரண்டு மூன்று நாளில் அது பொரிந்து வரும், முட்டையிடும் வயதுக்கு வருவதற்குள், ஐந்தாறு நாள் கழித்து மறுபடி வெந்நீர். அதற்குப் பின் ஒரு வாரத்தில் மூன்றாவது தடவை. இந்த மூன்றாவது தடவையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், அப்போது ஒன்றும் கண்ணில் படாது என்பதால்.

கூண்டைக் காலியாகப் போட்டால் பட்டினியில் செத்துவிடும் என்று யாராவது சொல்வார்கள். ரத்தம் இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் பிராணி அது.

மாடியில்மூன்று | புதன், காலை 10:30

மண்ணெண்ணெய் அடித்தால் ஒரே நாளில் வேலை முடியுமே?

தச்சுக்கை | புதன், காலை 11:02

மரக்கூண்டு, காய்ந்த தூள், மண்ணெண்ணெய். தீப்பிடிக்கக் காத்திருக்கும் அடுப்பு அது. அந்த வாடையில் ராத்திரி முழுக்க மூடிய இடத்தில் மூச்சுவிட வேண்டியதும் கோழிதான், அதன் நுரையீரல் ரொம்ப மென்மை. மருந்து அடிப்பதானால் கோழிக்கென்று அனுமதிக்கப்பட்டதை மட்டும் கால்நடை மருத்துவரைக் கேட்டு வாங்குங்கள், எத்தனை நாள் முட்டையைச் சாப்பிடக் கூடாது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். தோட்டத்துப் பூச்சிமருந்து வேண்டவே வேண்டாம்.

புதுச் சட்டம் போடும்போது ஒரு யோசனை. இரண்டு பக்கமும் ஆணி அடித்து இறுக்காமல், சுவரில் ஒரு தொட்டில் மாதிரி வைத்து அதில் சும்மா உட்காரும்படி செய்யுங்கள். வாரம் ஒரு முறை தூக்கி வெளியே வெயிலில் போடலாம், முனையைத் துடைத்துப் பார்க்கலாம். செள் முதலில் வந்து கூடுவது அந்த முனையில்தான். பட்டை உரித்த, பிளவு இல்லாத மரமாக இருக்கட்டும்.

நாலுகால் | புதன், மாலை 5:45

இழையின் நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். என் கோழிகளுக்குச் செள் இல்லை, துடைத்துப் பார்த்துவிட்டேன். ஆனால் வெயில் ஏறியதிலிருந்து இவையும் வெளியேதான் படுக்கின்றன. கூண்டு இரும்புத் தகரம். இன்னொன்று, பட்டுக்கோழி ஜோடி ஒன்று இருக்கிறது, அவை எப்போதுமே கட்டையில் ஏறாமல் தரையில் குவியலாகப் படுக்கின்றன. இதற்கும் ஏதாவது செய்ய வேண்டுமா?

கருக்கல் | புதன், மாலை 6:30

பட்டுக்கோழியை விட்டுவிடுங்கள், அதன் இறகு பறப்பதற்கு ஆகாது, ஏறாததில் தப்பே இல்லை. காய்ந்த தூள் கனமாகப் போட்டு, மேலே இருப்பவை எச்சமிடாத மூலையில் இடம் கொடுத்தால் போதும். வேண்டுமானால் ஒரு சாண் உயரத்தில் அகலப் பலகை.

தகரம்தான் உங்கள் பிரச்சினை. கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து இரைத்தும் இறக்கையை உடம்பிலிருந்து தள்ளி வைத்தும்தான் சூட்டை ஆற்றும். கட்டையில் நெருக்கியடித்து உட்கார்ந்தால் அதற்கும் வழியில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு நீங்கள் அந்தக் கூண்டுக்குள் தலையை விட்டு ஒரு நிமிடம் இருந்து பாருங்கள். முதலில் சூடு தெரியும், அடுத்து கண் எரியும். எச்சத்திலிருந்து வரும் அமோனியா அது. கூரைக்குக் கீழே, உட்கார்ந்த கோழியின் தலைக்கு மேலே, எதிரெதிர்ச் சுவர்களில் திறப்பு வைத்து வலை அடியுங்கள். காற்று தலைக்கு மேல் போக வேண்டும், முகத்தில் அடிக்கக் கூடாது. அந்த அறுகோணக் கண் கோழி வலை கோழியை உள்ளே வைக்கத்தான் உதவும், வெளியிலிருந்து வருவதைத் தடுக்காது. அரை அங்குலச் சதுரக் கண் உள்ள பற்றவைத்த கம்பி வலையாகப் போடுங்கள். தகரத்துக்கு மேல் ஓலையோ சாக்கோ போட்டால் இன்னும் குறையும். கட்டைக்கு அடியில் ஒரு பலகை வைத்துக் காலையில் எச்சத்தைச் சுரண்டிவிடுவது வாடைக்குப் பாதி மருந்து.

ஏழுபெட்டை | அடுத்த வாரம் திங்கள், இரவு 8:20

நிலவரம். மூங்கில் எரிந்தது. இரண்டு வெந்நீர்க் குளியல் ஆகிவிட்டது, சுண்ணாம்பும் அடித்தாயிற்று. கூரையில் காலியான குருவிக் கூடு ஒன்று இருந்தது, அதையும் எடுத்தேன். தச்சுக்கை அண்ணா சொன்ன தொட்டில் சட்டம் இரண்டு, ஆறடி நீளவாக்கில். துணியில் நேற்று இரண்டே இரண்டு புள்ளி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பழைய கோழிகள் வாசலில் வெகுநேரம் நின்றன. சேவல் முதலில் போய் ஒரு சுற்று சுற்றிவிட்டு வெளியே வந்துவிட்டது. சனிக்கிழமை உள்ளே போய்த் தங்கியது, பின்னாலேயே நாலு பெட்டை. நான் ஒன்றையும் தொடவில்லை.

மீதி இரண்டு தொல்லை. வெடைகள் இன்னும் முட்டைப் பெட்டியில்தான். புள்ளிக்காரி இன்னும் மரத்தில்தான்.

பழையபஞ்சாரம் | திங்கள், இரவு 9:00

வெடைகளுக்கு: முட்டையிட்டு முடிந்ததும், பிற்பகலிலேயே பெட்டி வாயைப் பலகை வைத்து மூடுங்கள், விடியுமுன் திறந்துவிடுங்கள். இருட்டிய பிறகு போய் இரண்டையும் தூக்கிச் சட்டத்தின் ஓரத்தில், பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மார்பைக் கட்டையில் அழுத்தினால் தானாகக் கால் பிடித்துக்கொள்ளும். இருட்டில் பழையவை கொத்தாது. ஒரு வாரம் விடாமல் செய்தால் எட்டாம் நாள் தாமாக ஏறும். குஞ்சிலேயே தாழ்ந்த கட்டை வைத்துப் பழக்கியிருந்தால் இந்த வேலையே இருந்திருக்காது, நாலு வாரக் குஞ்சு தானே ஏறப் பார்க்கும்.

புள்ளிக்காரிக்கு: அவளுக்கு இப்போது மரம் வீடு ஆகிவிட்டது. நல்ல கூண்டு என்று நீங்கள் சொன்னால் நம்ப மாட்டாள், படுத்துப் பார்க்க வேண்டும். ராத்திரி இறக்கிக் கொண்டுவந்து கட்டையில் வைத்து, நாலைந்து நாள் பகலிலும் உள்ளேயே வையுங்கள். தனியாக வேண்டாம், சாதுவான ஒன்றைத் துணைக்கு விடுங்கள். தண்ணீர், தீனி, நிழல் இருக்கட்டும். பிறகு வெளியே விடும்போது பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது விடுங்கள், தூரம் போக நேரம் இருக்காது. சாயங்காலத் தானியத்தைக் கூண்டுக்குள் மட்டுமே போடுங்கள், தகர டப்பாவில் குலுக்கிக்கொண்டே போங்கள். அந்தச் சத்தத்துக்கு வராத கோழியை நான் பார்த்ததில்லை.

வெள்ளைச்சேவல் | திங்கள், இரவு 9:12

துரத்திப் பிடிக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் துரத்தினால் நாலு நாள் பழக்கம் போய்விடும். இறக்கை பற்றி நான் வாயே திறக்கவில்லை.

ஏழுபெட்டை | பத்து நாள் கழித்து, வியாழன், இரவு 8:05

இன்று டார்ச்சோடு போய் எண்ணினேன். எட்டு. இரண்டு தடவை எண்ணினேன்.

வெடைகள் ஓரத்தில். பழையவை நடுவில். புள்ளிக்காரி டப்பா சத்தத்துக்கு வந்துவிட்டாள், ஆனால் கடைசி ஆளாக, வாசலிலேயே பத்து நிமிடம் யோசித்துவிட்டு. வாசலை ஒட்டிய இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள், ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொண்டு. வெளிச்சம் பட்டதும் மற்றக் கண்ணால் என்னை ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள், இரண்டு வாரம் பிடித்துத் தள்ளியதை இன்னும் மறக்கவில்லை போலிருக்கிறது.

பழையபஞ்சாரம் | வியாழன், இரவு 8:30

சந்தோஷம் தம்பி. மூன்றாவது வெந்நீர் ஊற்றினீர்களா?

ஏழுபெட்டை | வியாழன், இரவு 8:41

...ஞாயிற்றுக்கிழமை ஊற்றிவிடுகிறேன் அக்கா.

பழையபஞ்சாரம் | வியாழன், இரவு 8:42

நாளைக்கு.